கோவை வடக்கு: லேஅவுட் ரோடுகள் ஏன் ஒன்றோடொன்று சேருவதில்லை?

காளப்பட்டி வாசி

விளாங்குறிச்சி, காளப்பட்டி, சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் குடியிருப்பவர்களோடு ஒரு விஷயம் பேச வேண்டும்.

எங்கள் லேஅவுட்டின் கடைசித் தெரு ஒரு சுவரில் முட்டி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு லேஅவுட். அங்கேயும் இதே அகலத்தில் ஒரு தெரு வந்து அதே சுவரில் முட்டுகிறது. அந்தத் தெருவில் நர்சரி பள்ளி, மளிகைக் கடை, மருந்துக் கடை எல்லாம் இருக்கின்றன. நேராகப் போனால் 200 மீட்டர்கூட இருக்காது. ஆனால் மெயின் ரோட்டுக்கு வந்து, சிக்னலில் நின்று, அடுத்த வழியில் உள்ளே நுழைந்துதான் போக முடியும். அது 1.5 கிலோமீட்டருக்கு மேல். அதனால் ஒரு பாக்கெட் பாலுக்குக் கூட எல்லோரும் வண்டி எடுக்கிறோம்.

காளப்பட்டி ரோட்டிலும் சத்தி ரோட்டிலும் காலையில் நெரிசல் என்றால் உடனே “ரோட்டை அகலப்படுத்து, பாலம் கட்டு” என்கிறோம். அந்த நெரிசலில் நிற்பவர்களில் எத்தனை பேர் தூரத்துக்குப் போகிறவர்கள்? நிறையப் பேர் அடுத்த லேஅவுட்டுக்குப் போகிறவர்கள். உள்ளே வழி இல்லாததால் மெயின் ரோட்டுக்கு வருகிறார்கள்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ரோடு அடைத்துக்கொண்டால் பக்கத்து ரோட்டில் போகலாம், அதுவும் அடைத்தால் அதற்கடுத்தது இருக்கிறது. காந்திபுரம், டாடாபாத்திலும் அப்படித்தான், ஒரு தெருவை விட்டால் இன்னொன்று. புதிதாக வளர்ந்த பக்கங்களில் மட்டும் ஏன் இது இல்லை? இனிமேலாவது வருமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நகரமைப்பு மாணவி

நல்ல கேள்வி அண்ணா. இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உலகம் முழுவதன் தெரு வரைபடத்தையும் வைத்து 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1975-க்குப் பிறகு உலகின் பெரும்பகுதியில் புதிதாகப் போடப்படும் தெருக்கள் முன்பைவிடக் குறைவாகவே ஒன்றோடொன்று சேர்கின்றன என்பது அதில் தெரிகிறது. வீட்டை இடித்துக் கட்டலாம், கடை மாறலாம், ஆனால் தெரு ஒருமுறை விழுந்துவிட்டால் தலைமுறைகளுக்கும் அப்படியே இருக்கும். அவர்கள் கவலைப்படுவது அதற்காகத்தான்.

ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு சொல்லும் அளவு: ஒரு சதுர கிலோமீட்டரில் குறைந்தது 18 கிலோமீட்டர் தெரு, 80 முதல் 120 சந்திப்புகள், நிலத்தில் 30 சதவீதம் தெருக்களுக்கு. நம் புறநகர் லேஅவுட்டுகள் தெரு நீளத்தில் ஒருவேளை தேறிவிடும். சந்திப்பில் தேறாது, ஏனென்றால் முட்டுச்சந்து சந்திப்பு ஆகாது.

கோவையில் இதற்குத் தனிக் காரணங்களும் உண்டு. ஊரின் பெரிய ரோடுகள் எல்லாம் நடுவிலிருந்து வெளியே ஓடுபவை: அவிநாசி ரோடு, திருச்சி ரோடு, பொள்ளாச்சி ரோடு, பாலக்காடு ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, சத்தி ரோடு, தடாகம் ரோடு. இவற்றைக் குறுக்கே சேர்க்கும் ரோடுகள் மிகக் குறைவு. துடியலூர்–சரவணம்பட்டி ரோடும் சரவணம்பட்டி–காளப்பட்டி ரோடும் பழைய கிராமப் பாதைகள். இன்று அவைதான் ஒரு பெருநகரத்தின் சுற்றுச்சாலை வேலையைச் செய்கின்றன. இடையில் வடகோவை–இருகூர் ரயில் பாதை, விமான நிலையம், சங்கனூர் பள்ளம் என்ற ஓடை எனத் தடுப்புகள் வேறு.

மாநகராட்சி 2011-இல் சுமார் 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 ஆக விரிந்தது. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர், வடவள்ளி போன்ற பேரூராட்சிகளும் விளாங்குறிச்சி ஊராட்சியும் அப்போதுதான் உள்ளே வந்தன. அதற்குள் அங்கெல்லாம் லேஅவுட்டுகள் விழுந்துவிட்டன. ஒவ்வொரு ஊராட்சியும் பேரூராட்சியும் தன் எல்லையை மட்டும் பார்த்தது, ஒவ்வொரு பிரமோட்டரும் தன் பத்து ஏக்கரை மட்டும் பார்த்தார். மொத்த ஊருக்கும் சேர்த்து வரைந்தது என்றால் 1994-இன் மாஸ்டர் பிளான் ஒன்றுதான். அதை வைத்தே ஏறக்குறைய முப்பது வருடம் ஓட்டியிருக்கிறோம். 2041-ஐ இலக்காக வைத்துத்தான் புதியது தயாரானது.

தோட்டத்துக்காரர்

பாப்பா, படித்தவர்கள் வரைபடத்தில் கோடு போடுவீர்கள். அந்தக் கோடு யார் பூமியில் விழுகிறது என்று பார்க்க வேண்டுமுங்க.

எங்கள் தோட்டத்தின் நடுவில் ஸ்கீம் ரோடு, அதாவது அரசாங்கத்தின் பிளானில் வரப்போவதாகக் காட்டிய ரோடு, ஒன்று வரைந்திருந்தார்கள். காகிதத்தில் மட்டும்தான். ரோடும் போடவில்லை, பணமும் தரவில்லை. ஆனால் பூமியை விற்கப் போனால் “ஸ்கீம் ரோடு இருக்குதுங்க” என்று வாங்க வந்தவர் திரும்பிப் போவார். பேங்கில் கடன் கேட்டாலும் அதே பதில். பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டிய நேரத்தில் சொந்த பூமி கைக்கு உதவாமல் கிடந்தது.

கடைசியில் வக்கீல் ஒருவர்தான் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவைக் காட்டினார். பிளான் அறிவித்து மூன்று வருடத்துக்குள் நிலத்தை எடுக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், ஒதுக்கீட்டிலிருந்து அது விடுபட்டதாகக் கருத வேண்டும் என்று அதில் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போய்த்தான் விடுவித்தோம். எங்களைப் போல் பல குடும்பங்கள் போயிருக்கின்றன. ரோடு ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

சைட் நம்பர் 18

நான் எதிர்த்துப் பேசுகிறேன், மன்னிக்கவும். எங்கள் தெருக்கோடியில் உள்ள சுவரை உடைக்கச் சொல்லி மூன்று வருடமாக ஒரு கோரிக்கை ஓடுகிறது. நாங்கள் அதற்கு எதிர்ப்பு.

சைட் வாங்கும்போது “அமைதியான தெரு, வேறு வண்டி வராது” என்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்தோம். சாயங்காலம் பிள்ளைகள் தெருவில்தான் விளையாடுகிறார்கள். சுவரை எடுத்தால் கூகுள் மேப் நாளைக்கே அத்தனை வண்டிகளையும் 23 அடி ரோட்டில் திருப்பிவிடும். டிப்பர் லாரியும் தண்ணீர் லாரியும் வரும். எங்கள் வீட்டு வாசலில் கல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை யார் பார்ப்பது? மெயின் ரோட்டு நெரிசலுக்கு எங்கள் தெருவை பலி கொடுக்கச் சொல்வது நியாயமா?

காளப்பட்டி வாசி

சைட் நம்பர் 18 சொல்வது உண்மையான பயம். ஒரே ஒரு சுவரை மட்டும் உடைத்தால் அவர் சொல்வதுதான் நடக்கும். பத்து லேஅவுட்டும் மூடியிருக்கும்போது ஒன்று மட்டும் திறந்தால் எல்லா வண்டியும் அதில்தான் பாயும். பத்தும் திறந்திருந்தால் எந்தத் தெருவுக்கும் அவ்வளவு வண்டி வராது. ஆர்.எஸ்.புரத்துக் குறுக்குத் தெருக்களில் இன்றும் வாசலில் கோலம் போடுகிறார்கள்.

அதோடு, எல்லா இணைப்பும் காருக்கு இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சுவரில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு, நடுவில் இரண்டு கல் தூண், மேலே ஒரு விளக்கு. நடப்பவர்கள் போகலாம், சைக்கிள் போகும், பெட்டிக்கடைக்காரர் தள்ளுவண்டி போகும். கார் போகாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மெயின் ரோட்டைத் தொடாமல் போய் வரும். உங்கள் பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்புத்தானே?

சைட் நம்பர் 18

நடப்பவர்களுக்கு மட்டும் என்றால் எங்கள் சங்கத்தில் பேசிப் பார்க்கலாம். ராத்திரி பூட்டும் கேட் வேண்டும் என்பார்கள். நைட் வாட்ச்மேன் இல்லாத லேஅவுட் இது. ஆனால் காலையில் யார் திறப்பது, சாவி யாரிடம் என்று அதிலேயே சண்டை வரும். எழுதியபடி தூண் இருக்கும், பிறகு யாரோ ஒருவர் தூணைப் பிடுங்கிவிட்டு பைக் ஓட்டுவார் என்ற பயமும் இருக்கிறது. இதற்கும் பதில் வேண்டும்.

பஸ் பயணி, கணபதி

கார் வைத்திருப்பவர்கள் சுற்றிப் போவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நாங்கள் நடந்து சுற்றுகிறோம்.

வீட்டு வேலைக்கும் மில் வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்கள் டவுன் பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறோம். 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடுகிறது. உள்ளே வந்தால் திரும்ப இடம் இல்லை, ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே வரவும் வழி இல்லை. முட்டுச்சந்துகளால் ஆன ஊருக்குள் எந்த டிரைவரும் பஸ்ஸைக் கொண்டுவர மாட்டார். மினி பஸ்கூடத் தயங்கும்.

அதனால் இறங்கின இடத்திலிருந்து உள்ளே நடக்க வேண்டும், அதுவும் நேராக இல்லை. நான் வேலை செய்யும் வீட்டின் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப் தெரியும். நடக்கும்போது பெரிய அப்பார்ட்மென்ட் காம்பவுண்டை முழுக்கச் சுற்ற வேண்டும். மழைக்காலத்தில், ராத்திரி ஏழு மணிக்கு, நடைபாதை இல்லாத ரோட்டோரத்தில். சுவரில் ஒரு ஆள் நுழையும் வழி இருந்தால் போதும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். பூட்டுகிற கேட் வைப்பதாக இருந்தால், வேலை முடிந்து வருகிறவர்களின் நேரத்தையும் கேட்டுப் பூட்டுங்கள்.

ஓய்வு பெற்ற சர்வேயர்

முப்பது வருடம் இந்த மாவட்டத்தில் சங்கிலி பிடித்தவன் என்ற முறையில் சில விவரங்கள் சொல்கிறேன்.

முதலில், எல்லா முட்டுச்சந்தும் ஒரே வகை அல்ல. உங்கள் தெருக்கோடியில் சுவர் இருந்தால் அந்தச் சுவர் யாருடையது என்று பாருங்கள். அனுமதி பெற்ற லேஅவுட்டில் ரோடுகள் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடும். அப்புறம் ரோடு பொதுச் சொத்து. வரைபடத்தில் ரோடு எல்லை வரை போயிருந்தால், அதன் குறுக்கே சங்கமோ பிரமோட்டரோ சுவர் கட்ட உரிமை இல்லை. பல இடங்களில் சுவர் மட்டும்தான் தடையாக இருக்கிறது, சட்டத்தில் தடை இல்லை.

இரண்டாவது வகை சிக்கலானது. சில பிரமோட்டர்கள் ரோட்டை எல்லை வரை கொண்டுபோக மாட்டார்கள். கடைசியில் ஒரு அடி, இரண்டு அடி துண்டு நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்வார்கள். பக்கத்துத் தோட்டம் நாளைக்கு லேஅவுட் ஆகும்போது அந்த ஒரு அடிக்கு விலை பேசலாம் என்ற கணக்கு. அந்த விலை படியாமல் இரண்டு பக்கமும் வீடுகள் வந்து, வழி நிரந்தரமாக மூடிப்போன இடங்களை நானே அளந்திருக்கிறேன்.

மூன்றாவது, இட்டேரி. கிளுவை வேலிக்கு நடுவில் மாட்டு வண்டி போன தடம். நிறைய இட்டேரிகள் கிராம வரைபடத்தில் வண்டிப்பாதைப் புறம்போக்காக இருக்கும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு, ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு அவை அறுபடாமல் ஓடின. லேஅவுட் போடும்போது இரு பக்கமும் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக வேலிக்குள் இழுத்துக்கொண்டார்கள். இன்று நீங்கள் கேட்கும் இணைப்புகளில் பல அரசாங்கத்தின் பழைய வரைபடத்திலேயே கிடக்கின்றன. புது நிலம் எடுக்கவே வேண்டாம், இருப்பதை மீட்டால் போதும்.

அனுமதி இல்லாத மனைகள் தனிக் கதை. 2016-இல் உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவை நிறுத்தியது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். மனைகளுக்கு அது வாழ்வு கொடுத்தது. தெருக்கள் இருந்தபடியே இருந்தன. 16 அடி சந்து 16 அடி சந்தாகவே முறைப்பட்டது.

நகரமைப்பு மாணவி

ஐயா எழுதிய இட்டேரி விஷயம் பாடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லாதது. பழைய கிராம வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

தோட்டத்துக்காரர் அப்பாவுக்கு ஒரு பதில். உங்கள் கோபம் சரியானது. ஒருவருடைய பூமியில் மட்டும் கோடு போட்டு, அதன் பலனைச் சுற்றி இருப்பவர்களுக்குக் கொடுப்பது அநியாயம். ஆனால் வேறு வழி இருக்கிறது. குஜராத்தில் நகரமைப்புத் திட்டம் என்று செய்கிறார்கள். நூறு ஹெக்டேர் அளவுக்குப் பல பேருடைய பூமியை ஒன்றாக வரைபடத்தில் சேர்த்து, ரோடு, பூங்கா, பள்ளிக்கு இடம் எடுத்துக்கொண்டு, மீதியை எல்லோருக்கும் ஒழுங்கான மனையாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இழக்கிறார்கள். ரோடு யார் பூமியில் விழுகிறது என்ற கேள்வியே இல்லை. அகமதாபாத்தைச் சுற்றியுள்ள 76 கிலோமீட்டர் சர்தார் பட்டேல் சுற்றுச்சாலைக்குப் பெரும்பகுதி நிலம் இந்த வழியில்தான் கிடைத்தது.

இது நமக்குப் புதிதும் இல்லை. 1920-லேயே மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. மாம்பலம் ஏரியை மேடாக்கி தியாகராய நகரை வரைந்தது அந்தக் காலத்தில்தான். பனகல் பூங்காவிலிருந்து நாலாபுறமும் ரோடுகள் விரிவது அதனால்தான். இப்படிப் பூமியைச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் நிலத் தொகுப்புக்குத் தமிழ்நாட்டில் 2020-இல் விதிகளும் வந்துவிட்டன.

கணக்குக்காக மட்டும்: உங்களிடம் 5 ஏக்கர், அதில் ரோட்டுக்கும் பூங்காவுக்கும் 35 சதவீதம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 3.25 ஏக்கர். இட்டேரிக்குள் கிடந்த 5 ஏக்கரைவிட, 60 அடி ரோட்டின் முகப்பில் உள்ள 3.25 ஏக்கருக்கு மதிப்பு அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. உயரமான கட்டடத்துக்கு அனுமதி ரோட்டின் அகலத்தைப் பொறுத்துத்தான் கிடைக்கிறது.

தோட்டத்துக்காரர்

கணக்கு புரிகிறது கண்ணு. நாலு விஷயம் எழுத்தில் இருந்தால் நான் மட்டுமில்லை, எங்கள் பக்கத்தில் பலரும் வருவோம். திருப்பிக் கொடுக்கும் மனை எந்த இடத்தில் என்று முதலிலேயே காட்ட வேண்டும். எத்தனை வருடத்துக்குள் முடியும் என்று தேதி வேண்டும், முடியவில்லை என்றால் பூமி பழையபடி எங்களுக்கே. கிணறும் தென்னையும் வைத்திருப்பவனுக்கும் வெறும் மானாவாரிக் காடு வைத்திருப்பவனுக்கும் ஒரே கணக்குப் போடக் கூடாது. விவசாயம் தொடர்கிறேன் என்பவனை விட்டுவிடவும் வேண்டும். எல்லா பூமியும் சைட் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சிங்காநல்லூர் குளக்கரை

கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்துவிடுவோம் என்ற வேகத்தில் பள்ளங்களை மூடிவிடாதீர்கள். சங்கனூர் பள்ளம் ஊரின் வடமேற்கிலிருந்து வந்து சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் சேர்கிறது. அதன் கிளை ஓடைகள் மீது குழாய் போட்டு மண் கொட்டி ரோடு போட்ட இடங்களில்தான் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. ஓடையைத் தாண்ட வேண்டிய இடத்தில் தண்ணீர் போகும் அளவுக்குப் பாலம் வேண்டும். எல்லாத் தெருவும் தாண்ட வேண்டியதில்லை. நடப்பதற்குச் சின்னப் பாலங்கள் நெருக்கமாக, வண்டிக்குப் பெரிய பாலங்கள் தள்ளித் தள்ளி, அப்படி வைத்தால் போதும். ஓடைக் கரையே நல்ல நடைபாதையாகும்.

அவிநாசி ரோடு பைக்

உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். மேற்குப் புறவழிச்சாலை 32 கிலோமீட்டர், கட்டமாக நடக்கிறது. நீண்ட தூரம் போகிறவர்களுக்கு இவை தேவைதான், நானே மேம்பாலத்தில் போகிறேன். ஆனால் ஹோப் காலேஜில் இறங்கியதும் விளாங்குறிச்சிக்குள் நுழைவதற்கு அதே பழைய வழிதான். மேலே மிச்சமான நேரத்தைக் கீழே கொடுத்துவிடுகிறேன்.

நகரமைப்பு மாணவி

பைக் அண்ணா சொல்வதிலிருந்து ஒன்று. அடுத்த லேஅவுட்டுக்குப் போகும் வண்டியை எந்த மேம்பாலமும் குறைக்காது. அதைக் குறைக்க அனுமதி கொடுக்கும் மேசையில்தான் முடியும். உள்ளூர் நிலைமையைப் பார்த்து, தேவையான இடத்தில் பொதுச் சாலையைச் சேர்க்கச் சொல்ல அனுமதி தரும் அலுவலகத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதை ஒவ்வொரு மனுவிலும் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2009-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். புதிய குடியிருப்பின் தெருக்கள் பக்கத்து நிலத்தோடு சேரும்படி இல்லாவிட்டால், மாநில அரசு அந்தத் தெருக்களைப் பராமரிக்க ஏற்றுக்கொள்ளாது. பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள். நமக்கும் இது பொருந்தும். ரோடுகள் எல்லை வரை, இடையில் ஒரு அடித் துண்டு இல்லாமல் போகிறதா என்று பார்த்த பிறகே தானப்பத்திரத்தை வாங்க வேண்டும். அரசுக்கு இதில் ஒரு ரூபாய் செலவில்லை. பக்கத்தில் இன்று தோட்டம் இருந்தால் ரோடு வேலியோடு நிற்கட்டும். தோட்டத்துக்காரர் விரும்பும் நாளில் தொடரட்டும், விரும்பாவிட்டால் அப்படியே இருக்கட்டும்.

காளப்பட்டி வாசி

இதுவரை எழுதியவர்களுக்கு நன்றி. நாங்கள் சில பேர் பேசி வைத்திருப்பது இது.

மாநகராட்சிக்கும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் தனித்தனியாக மனு கொடுக்கிறோம். பொதுவாக “இணைப்பு வேண்டும்” என்று எழுதப் போவதில்லை. எந்தத் தெருக்கோடி, எந்தப் புல எண், லேஅவுட் வரைபடத்தில் ரோடு எல்லை வரை வந்திருக்கிறதா, குறுக்கே சுவரா, துண்டு நிலமா, இட்டேரியா என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுகிறோம். சுவர் மட்டும் தடையாக உள்ள இடங்களை முதலில் எடுக்கிறோம், அவையே சீக்கிரம் முடியும். அங்கேயும் முதல் கட்டமாக நடப்பதற்கும் சைக்கிளுக்கும் மட்டும். தூண்களை மாநகராட்சியே கான்கிரீட்டில் பதிக்க வேண்டும், பூட்டுகிற கேட் கூடாது, தெரு விளக்கு கண்டிப்பாக வேண்டும் என்றும் எழுதுகிறோம். சைட் நம்பர் 18, உங்கள் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் நான் வந்து பேசுகிறேன்.

உங்கள் பக்கத்து முட்டுச்சந்துகளை இந்த இழையில் போடுங்கள். ஊர்ப் பெயர், தெரு, முடிந்தால் புல எண்.

ஓய்வு பெற்ற சர்வேயர்

புல எண் தெரிந்தால் எஃப்.எம்.பி. என்ற புல அளவு வரைபடத்தை வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். அதில் வண்டிப்பாதை தனிப் புல எண்ணாகவோ உட்பிரிவாகவோ இருக்கும். கிராமத்தின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அதற்கு நேராக “புறம்போக்கு” என்று இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் இங்கே போடுங்கள், நான் படித்துச் சொல்கிறேன். கீரணத்தம், வெள்ளானைப்பட்டி பக்கத்துக்காரர்கள் முதலில் அனுப்புங்கள். அங்கே தோட்டங்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன, இட்டேரிகளும் முழுதாக மூடவில்லை.